ரவையின் கழுத்துப் பிடி: வன்னியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொரு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தேன். இப்போது பள்ளிக்கூடங்களிலும் மாதர் சங்கக் கூட்டங்களிலும் வெடிபொருள் அபாயம் பற்றி விளக்கம் சொல்லப் போகிறேன். மிதிவெடியைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுவார்கள். கூட்டம் முடிந்து தேத்தண்ணீர் கொடுக்கும் நேரத்தில் யாராவது கிட்ட வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பது மட்டும் ரவையைப் பற்றித்தான். வரம்பு வெட்டும்போது வந்தது, கிணறு இறைக்கும்போது வந்தது, பிள்ளை புத்தகப் பைக்குள் வைத்திருந்தது என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

இது போதாதென்று கனடாவில் இருக்கும் அக்காவின் மகன் வேறு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்புவான். அவன் அங்கே உரிமத்தோடு இலக்குச் சுடுகிறவன். சுட்ட கோதுகளில் திரும்ப மருந்து நிரப்பித் தன் ரவையைத் தானே செய்துகொள்கிறான். வயல்காரரின் கேள்வியும் அவனுடைய கேள்வியும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன: கோதின் கழுத்து. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ரவை, சன்னம், கோது எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. நம் பக்கத்தில் முழுசாக இருப்பதும் ரவை, பறந்து வந்து படுவதும் ரவை. இங்கே முழுசை மட்டும் ரவை என்கிறேன். முனையில் இருந்து பறந்து போகிற துண்டு சன்னம். அதைப் பிடித்திருக்கிற குழாய் கோது. கோதுக்குள் மருந்து. கோதின் அடியில் நடுவாக வட்டமாகத் தெரிகிற சின்ன மூடி கேப். துவக்கின் ஊசி கேப்பில் குத்தினால் அது மருந்தைப் பற்றவைக்கும், மருந்து வாயுவாகிச் சன்னத்தைத் தள்ளும், கோது மிஞ்சும். நாலும் சேர்ந்திருந்தால் அது உயிருள்ள ரவை, மண்ணுக்குள் எத்தனை வருடம் கிடந்திருந்தாலும்.

கழுத்துப் பிடி என்கிறீர்களே, அது என்ன?

மாட்டு வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கொல்லர் பட்டாவைச் சில்லைவிடக் கொஞ்சம் சின்னதாகவே வளைப்பார். நெருப்பில் போட்டு விரித்து ஏற்றித் தண்ணீர் ஊற்றினால் அது சுருங்கிச் சில்லைக் கவ்விக்கொள்ளும். ரவையும் அதே கணக்குத்தான், நெருப்பு மட்டும் இல்லை. கோதின் வாய்ப்பக்கம் ஒடுங்கியிருக்கும், அதுதான் கழுத்து. அதன் உள்விட்டம் சன்னத்தின் விட்டத்தைவிட ஒரு மயிரிழை சின்னது. சன்னத்தை அழுத்தி இறக்கும்போது பித்தளை விரிந்து கொடுக்கிறது. கொடுத்துவிட்டுப் பழைய அளவுக்கே திரும்பி வரப் பார்க்கிறது. அந்தத் திரும்பி வரப் பார்க்கிற குணம்தான் பிடி.

மயிரிழை என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ரி-56 துவக்கில் போகிற 7.62×39 ரவையின் சன்னம் ஏறக்குறைய 7.9 மில்லிமீற்றர் விட்டம். கையால் ரவை செய்கிறவர்கள் கழுத்தை அதைவிட 0.05 முதல் 0.08 மில்லிமீற்றர் வரை குறைத்து வைப்பார்கள். தலைமயிர் ஒன்றின் தடிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

மருமகன் கேட்டது: தானாக ரவை ஏறுகிற துவக்குக்கு ஏன் கூடுதல் பிடி தேவை?

அவனிடம் இருப்பது எஸ்கேஎஸ் என்கிற துவக்கு. விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு வெடி, அடுத்த ரவை தானாக ஏறும். (அதுவும் 7.62×39 ரவையைத்தான் தின்கிறது. சீனாக்காரன் ஏகே-47 இன் நகலுக்கும் எஸ்கேஎஸ்ஸின் நகலுக்கும் ஒரே பெயரைத்தான் வைத்தான்: 56 ஆம் ரகம். வன்னியில் வரம்புக்குள் கிடப்பதும் அவன் மேசையில் அடுக்கி வைத்திருப்பதும் ஒரே அளவு ரவை என்பதை முதலில் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.)

பூட்டை, அதாவது ரவையைத் தள்ளி ஏற்றிப் பின்பக்கத்தை மூடுகிற இரும்புத் துண்டை, கையால் தள்ளுகிற துவக்கில் மனிதன் தன் வேகத்துக்கு ரவையை உள்ளே விடுகிறான். தானாக ஏறுகிற துவக்கில் அந்த மரியாதை கிடையாது. வெடித்த வாயுவின் பலத்தில் பூட்டு பின்னால் போகிறது. பிறகு சுருள்வில்லின் வேகத்தில் முன்னால் பாய்ந்து, துவக்கின் ரவைப் பெட்டியின் வாயிலிருந்து ரவையை உருவி, சாய்வான தளத்தில் அதன் மூக்கை இடித்து, குழலின் பின்முனையில் இருக்கிற அறைக்குள் எறிந்துவிட்டுச் சட்டென்று நிற்கிறது. இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்.

இதில் இரண்டு விதமாகப் பிசகலாம். மூக்கு இடிபடும்போது சன்னம் கோதுக்குள் பின்னால் இறங்கலாம். அல்லது ரவை ஓடிவந்து திடீரென்று நிற்கும்போது, ஓடுகிற பஸ் பிறேக் போட்டால் நாம் முன்னால் சரிவது போல, சன்னம் வெளியே நகரலாம். பின்னால் இறங்குவதுதான் மோசம். உள்ளே வெற்றிடம் குறைகிறது, அதே அளவு மருந்து குறைந்த இடத்தில் எரிகிறது, அமுக்கம் ஏறுகிறது. சன்னம் எவ்வளவு இறங்கியது என்று வெளியிலிருந்து சுடுகிறவனுக்குத் தெரியாது. அவன் முகமோ பூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதனால்தான் பூட்டுத் தள்ளும் துவக்கில் போட்டிக்குச் சுடுகிறவர்கள் 0.03, 0.05 மில்லிமீற்றரோடு திருப்திப்படும்போது, தானாக ஏறுகிற துவக்குக்காரர்கள் 0.08 பக்கம் போகிறார்கள்.

சரி, பிடி போதுமா என்று அவர்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

ரவையின் முழு நீளத்தை வேர்னியர் அளவியால் அளப்பார்கள். சுடும் திடலில், குழலை இலக்குப் பக்கம் வைத்தபடி, அதைப் பெட்டியிலிருந்து முழு வேகத்தில் அறைக்குள் ஏறவிட்டு வெளியே எடுத்துத் திரும்ப அளப்பார்கள். நீளம் மாறியிருந்தால் பிடி போதாது. கையால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை.

எஸ்கேஎஸ் காரருக்கு இன்னொரு பயமும் உண்டு. அதன் ஊசி சுருள் இல்லாமல் தன்பாட்டில் அங்குமிங்கும் ஓடக்கூடியது. பழைய கிறீஸ் இறுகியோ அழுக்கு அடைத்தோ ஊசி முன்னால் ஒட்டிக்கொண்டால், பூட்டு மூடும்போதே ரவை வெடிக்கும். சோதனையை வீட்டு அறைக்குள் செய்யாதே என்று மருமகனுக்கு நான் சொன்னது இதற்காகத்தான். 'எனக்குத் தெரியும் மாமா' என்று பதில் வந்தது. தெரிந்தவர்கள்தான் இங்கே ஒரு கையோடு திரிகிறார்கள் என்று எழுதினேன். பிறகு இரண்டு நாள் கதைக்கவில்லை.

பிடி கூடக்கூட நல்லதுதானே? இன்னும் இறுக்கினால் என்ன?

பித்தளைக்கு ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் விரித்தால் திரும்பி வரும். தாண்டி விரித்தால் வராது, விரிந்த அளவிலேயே நின்றுவிடும். கழுத்தை 0.12, 0.15 மில்லிமீற்றர் சின்னதாக ஒடுக்கிவிட்டுச் சன்னத்தை இறக்கினால், சன்னமே ஒரு ஆப்பு மாதிரி கழுத்தை அகட்டிவிடும். கடைசியில் மிஞ்சுகிற பிடி 0.08 இல் கிடைத்த அதே பிடிதான். இடையில் சன்னத்தின் செப்பு உறை சுரண்டுப்படும், கழுத்தும் சீக்கிரம் விரிசல் விடும்.

இன்னொரு விஷயம், இதைத்தான் கனபேர் தவறவிடுகிறார்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் பிடி ஒன்றாக இருக்காது. ஒரு தரம் சுட்ட கோதும் ஏழு தரம் சுட்ட கோதும் ஒரே 0.08 ஐக் காட்டலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் விரிந்து, ஒடுங்கி, விரிந்து, ஏழாவதின் பித்தளை இறுகிப்போயிருக்கும். கம்பியை அங்கேயும் இங்கேயும் வளைக்க வளைக்க அது விறைத்து ஒரு கட்டத்தில் முறிகிறதே, அதே கதை. கழுத்தைப் பற்றி வேர்னியர் சொல்வது பாதிக் கதைதான்.

வாயை மடித்து இறுக்கிவிட்டால் பிடி தேவையில்லை என்கிறார்களே?

இராணுவ ரவைகளை உற்றுப் பார்த்தால் சன்னத்தைச் சுற்றி ஒரு பள்ளக் கோடு இருக்கும், கோதின் வாய் அதற்குள் அமுக்கப்பட்டிருக்கும். அது உதவிதான். கழுத்துப் பிடிக்குப் பதில் அல்ல. பள்ளம் இல்லாத வழவழப்பான சன்னத்தில் வாயை அளவுக்கு மீறி அமுக்கினால் எதிர்மாறாக நடக்கும். உள்ளே இருக்கும் ஈயம் அமுங்கினால் அமுங்கினதுதான். பித்தளை மட்டும் கொஞ்சம் திரும்பி வரும். இரண்டுக்கும் இடையில் இருந்த பிடி தளர்ந்துவிடும். இறுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டே தளர்த்துகிற வேலை.

சில கோதுகளின் கழுத்தில் நீலமும் மஞ்சளுமாக ஒரு நிறம் இருக்கிறதே, நெருப்பில் போட்டதா?

ஆமாம், தொழிற்சாலையில் வேண்டுமென்றே சூடு காட்டியது. பதமாக்குவது என்று சொல்லலாம். இறுகின பித்தளையைக் கழுத்தில் மட்டும் சூடாக்கினால் அது திரும்ப மென்மையாகும், விரிசல் விடாமல் விரிந்து கொடுக்கும். இராணுவ ரவையில் அந்த நிறத்தைத் தேய்த்து எடுக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள். கோதின் அடிப்பக்கத்தில் மட்டும் சூடு படவே கூடாது. அமுக்கத்தைத் தாங்குவது அடிதான், அது மென்மையானால் கிழியும்.

இந்தப் பதமாக்கலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அது ஐரோப்பாவில் நடந்ததல்ல, நம் வெயிலிலும் மழையிலும் நடந்தது. 19 ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைகள் ரவைகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தன. மாரி முடிந்து எடுத்துப் பார்த்தால் கோதுகள் நெடுக்காக வெடித்திருந்தன. ஒருவரும் சுடவில்லை, தட்டவில்லை. மழைப் பருவத்தில் வருகிற வெடிப்பு என்பதால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். காரணம் துலங்கியது 1921 இல், மூர், பெக்கின்சேல், மல்லின்சன் மூவரும் சேர்ந்து செய்த ஆய்வில். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து பித்தளையை அரிக்கிறது. ஆனால் எல்லாப் பித்தளையையும் அல்ல. உள்ளே இழுவிசை தேங்கி நிற்கிற பித்தளையைத்தான் தேடிப் பிடித்துப் பிளக்கிறது. பதமாக்கினால் கோதைச் செய்யும்போது உள்ளே தேங்கிய இழுவிசை குறையும், வெடிப்பும் குறையும்.

கழுத்து எப்போதும் சன்னத்தை இறுக்கிப் பிடித்தபடியே இருக்கிறது. பதமாக்கினாலும் அந்த இழுவிசை அங்கே இருக்கத்தானே செய்யும்? எது ரவையைக் கட்டி வைத்திருக்கிறதோ அதுவே அதைப் பிளக்கவும் உதவுகிறது.

அது பழைய இந்தியாக் கதை. எங்கள் வயலுக்கு என்ன சம்பந்தம்?

மாட்டுப் பட்டி யார் வீட்டில் இல்லை? யூரியா போடாத வயல் எது? யூரியா மண்ணில் கரைந்து அமோனியாவாகத்தான் மாறுகிறது. குதிரை லாயம் இல்லை என்பதைத் தவிர, பித்தளையைப் பிளக்கத் தேவையான மற்ற எல்லாம் நம் வயலில் இருக்கிறது. கார்த்திகையில் வெள்ளம், ஆவணியில் பாளம் பாளமாக வெடித்த மண்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வயலில் வாய்க்கால் வெட்டும்போது வந்த ரவைகளை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். பெட்டி துருப்பிடித்துக் கரைந்து போய், ரவைகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் களிமண் கட்டியாக இருந்தன. பச்சைப் பாசி பிடித்த மாதிரி களிம்பு. கழுத்தைச் சுற்றி மட்டும் களிம்பு தடிப்பாக இருந்தது. அதற்குக் கீழே, நெல்லின் உமி பிளந்தது போல, நெடுக்காக ஒரு மெல்லிய கோடு. அந்த ரவையில் சன்னம் கோதில் பிடிபட்டு நிற்கவில்லை, சும்மா இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே கிடந்த இன்னொன்று, கடையில் வாங்கியது போல மினுங்கிக்கொண்டு இருந்தது. ஒரே பெட்டி, ஒரே மண், ஒரே மழை.

இரும்புக் கோதில் வந்தவையும் உண்டு. 7.62×39 இல் கனக்க அப்படித்தான், மேலே பூச்சு பூசிய உருக்கு. அவை களிம்பு பிடிக்காது, துருப்பிடித்து ஓட்டை விழும்.

அப்படியென்றால் கழுத்து வெடித்து மழைத்தண்ணீர் உள்ளே போன ரவை செத்துவிட்டது என்று எடுக்கலாமா?

கூடாது. மருந்து நனைந்தால் கேப்பும் நனைந்தது என்று யார் சொன்னது? கேப் தன் குழிக்குள் இறுக்கமாக, கனவேளை அரக்குப் பூசி அடைக்கப்பட்டு இருக்கிறது. கோதின் கழுத்து போன பிறகும் அது உயிரோடு இருக்கலாம். சுத்தியலால் அடித்து விரல் நுனியையும் கண்ணையும் கொடுத்தவர்களுக்குக் கேப் ஒன்றே போதுமாக இருந்தது.

நானும் யோக்கியன் இல்லை. இடம்பெயர்ந்து இருந்த காலத்தில், பன்னிரண்டு வயது இருக்கும், நாங்கள் நாலைந்து பேர் ரவையிலிருந்து சன்னத்தைக் கழற்றி மருந்தைக் கொட்டிக் கொளுத்தி விளையாடியிருக்கிறோம். ஒரு கழுத்து இறுகி வரவில்லை என்று ஒருவன் கல்லில் தட்டினான். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்ததால் தூக்கம் இன்னும் குறைவு.

வெற்றுக் கோதுகளைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கலாம்தானே? பித்தளைக்கு நல்ல விலை.

பித்தளை என்பது உண்மை, 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் (துத்தநாகம்). விலை இருக்கும் என்பதும் உண்மை. சாக்கில் போட்டுத் தூக்கிப் போகிறவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாரா என்பதுதான் பிரச்சினை. வெற்றுக் கோது பொறுக்கப் போகிறவர் வெற்றுக் கோதோடு மட்டும் வீடு திரும்புவதில்லை. இரும்புக் கடையில் வெட்டுகிற பொடியனுக்கு உங்கள் சாக்கில் என்ன இருந்தது என்று தெரியாது. வறுமையில் போகிறவரிடம் 'போகாதே' என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்புவதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: காட்டோரத்தில் இரும்பு பொறுக்கப் போகாதீர்கள்.

சங்கிலியில் ரவை கோத்துப் போடுகிறார்களே?

கேப் குத்துப்பட்டு, உள்ளே வெறுமையாக இருந்தால் அது வெறும் பித்தளை. அப்படி இல்லாத ஒன்றைக் கழுத்தில் போட்டிருந்த ஒருவரைக் கண்டிருக்கிறேன். சோதனைச் சாவடியில் அதை விளக்கப்படுத்துவதும் அவர் பாடு.

நெருப்பில் விழுந்தால் துவக்கால் சுட்ட மாதிரிப் பாயுமா?

அப்படிப் பாயாது. துவக்கில் கோதைச் சுற்றி உருக்கு அறை இருக்கிறது, அதனால் வாயுவுக்குச் சன்னத்தைத் தள்ளுவதைத் தவிர வேறு வழி கிடையாது. வெளியே அந்த அறை இல்லை. கோதே கிழியும். சன்னம் பாரமானது, அது கொஞ்ச தூரம்தான் நகரும். பாய்வது பித்தளைத் துண்டுகளும் கேப்பும். உடம்பைத் துளைக்கவும் கண்ணைப் பறிக்கவும் அது போதும்.

ஆனால் குப்பைக்கும் காய்ந்த பற்றைக்கும் நெருப்பு வைக்கும்போது நான் பயப்படுவது ரவைக்கு அல்ல. அதே மண்ணில் கைக்குண்டும் எறிகணையும் (செல்) இருக்கலாம். 2009 க்கு முன் பங்கர் இருந்த இடம், மண் அணை இருந்த இடம், பழைய கிணற்றடி என்றால் நெருப்பு வைப்பதற்கு முன் ஒருமுறை ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

பழைய ரவையின் மருந்தை எடுத்து இடியன் துவக்குக்குப் போடலாமா? பன்றித் தொல்லை தாங்க ஏலாது.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சத்தமாகப் பதில் சொல்வேன். போடவே கூடாது. இடியன் கரிமருந்துக்காகச் செய்த குழாய். ரவைக்குள் இருப்பது புகையில்லா மருந்து. பார்க்க இரண்டும் கறுப்புத்தான், மணிமணியாக இருக்கும், அவ்வளவோடு ஒற்றுமை முடிந்தது. கரிமருந்து அளக்கிற கரண்டியால் அதை அளந்து போட்டு இடித்து இறுக்கினால் எழும் அமுக்கத்தை அந்தக் குழாய் தாங்காது. பிளந்தால் பிளக்கிற இடம் உங்கள் இடது கைக்கும் கன்னத்துக்கும் நடுவில். மழையில் கிடந்து பழுதான மருந்து என்றால் எப்படி எரியும் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது.

பன்றிக்கும் யானைக்கும் என்ன செய்வது என்றால், வேலியும் காவலும்தான். யானை வெடிக்கு வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேளுங்கள். பயிர் காக்க வேட்டைத் துவக்கு வேண்டும் என்றால் முறைப்படி அனுமதிப்பத்திரம் எடுக்க வழி இருக்கிறது. அந்த வழி நீளம் என்று எனக்கும் தெரியும்.

கனடாவில் மருமகன் செய்வது போல நாங்களும் இங்கே கோதில் நிரப்பலாமா?

இல்லை. அங்கே உரிமம் உள்ளவர் தன் பாவனைக்குச் செய்ய இடம் இருக்கிறது. இங்கே 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் ரவை வைத்திருப்பதே குற்றம். சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், அவன் கடையில் வாங்கின புதுக் கோதில் தொடங்குகிறான், மண்ணில் எடுத்ததில் அல்ல. இங்கே கிடக்கிற இராணுவக் கோதுகளில் பெரும்பாலானவை திரும்ப நிரப்புவதற்கென்று செய்தவையும் அல்ல. அவற்றின் கேப் குழிக்குள் நடுவில் ஒரு துளைக்குப் பதிலாக இரண்டு சின்னத் துளைகள் இருக்கும், பழைய கேப்பை ஊசியால் நேரே தள்ளி எடுக்க வழி இல்லை.

ரவை மாதிரியே, ஆனால் பெரிதாக ஒன்று கிடக்கிறது. அதுவும் ரவைதானா?

பெருவிரலைவிடத் தடித்த எதையும் ரவை என்று நினைக்காதீர்கள். 12.7 மில்லிமீற்றர் வரை பொதுவாகச் சன்னம் கட்டி உலோகம், ஆனால் தீப்பற்ற வைக்கும் கலவை உள்ளவையும் அந்த அளவில் உண்டு. 20, 23 மில்லிமீற்றருக்குப் போனால் சன்னத்துக்குள்ளேயே வெடிமருந்தும் மூக்கில் வெடிக்க வைக்கும் பொறியும் இருக்கலாம். அது சின்ன உருவத்தில் ஒரு செல். சின்ன ரவைகளிலும் நுனியில் நிறம் பூசியவை இருக்கும், நெருப்புக் கோடு போட்டுப் போகிற ஒளிச்சன்னம் அப்படி. மண்ணுக்குள் இருந்தால் நிறம் போய்விடும், குணம் போகாது.

கண்டால் என்ன செய்ய வேண்டும்?

தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தண்ணீருக்குள் போடாதீர்கள். வந்த காலடியிலேயே திரும்பி வாருங்கள். தூரத்தில் இருந்து தெரிகிற மாதிரி ஒரு அடையாளம் வையுங்கள், ஆனால் அந்த இடத்திலேயே தடி ஊன்றாதீர்கள். கிராம அலுவலரிடமோ பொலிஸிலோ சொல்லுங்கள், 119 க்கு எடுத்தாலும் சரி. அந்தப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் ஆட்கள் வேலை செய்தால் அவர்களிடமும் சொல்லலாம். ஹலோ டிரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் எல்லோரும் வடக்கில் வேலை செய்தவர்கள், உங்கள் தகவலைச் சும்மா விடமாட்டார்கள்.

பொலிஸுக்குச் சொன்னால் என்னையே பிடித்து விசாரிப்பார்களே?

இந்தப் பயம் நியாயமானது. அதைச் சிரித்துத் தள்ள நான் வரவில்லை. விசாரிப்பார்கள்: எப்போது கண்டீர்கள், யாருடைய காணி என்று. பிறகு வழக்கமாக நீதிமன்றத்துக்கு அறிவித்து, உத்தரவு வந்த பின் விசேட அதிரடிப்படையோ இராணுவமோ வந்து அகற்றும். இதற்கு நாள் எடுக்கும், அதுவரை அந்தத் துண்டு நிலத்தில் வேலை செய்ய ஏலாது. விதைக்கிற நேரத்தில் இது கஷ்டம்தான். தனியாகப் போகத் தயங்கினால் கிராம அலுவலரையோ கமக்காரர் அமைப்புக்காரரையோ கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கையில் எடுத்து வீட்டில் வைத்திருந்து பிறகு சொன்னால் விசாரணையின் முகமே வேறு மாதிரி இருக்கும். கண்ட இடத்தில் விட்டுவிட்டுச் சொல்வதில் இந்த லாபமும் இருக்கிறது.

எங்கள் காணியைத் துப்புரவாக்கி ஒப்படைத்துவிட்டார்களே, பிறகு எப்படி வருகிறது?

2002 முதல் வேலை நடக்கிறது. இலங்கை 2017 இல் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது, அதன்படி மிதிவெடிகளை அகற்றி முடிக்க வேண்டிய திகதி 2028 ஜூன் 1. அந்தக் கணக்கு மிதிவெடிக்கு. தேடுகிற ஆழம் மிதிவெடி புதைக்கிற ஆழத்தை வைத்துத்தான். பங்கருக்குள் பெட்டியோடு மூடப்பட்டதும், கிணற்றுக்குள் கொட்டப்பட்டதும் அந்த ஆழத்தில் இருக்காது. ஜேசிபி வந்து குளக்கட்டுக்கு மண் அள்ளினால் வரும். வெள்ளம் வாய்க்காலை அரித்தாலும் வரும். வேலை செய்தவர்கள் பிழை விட்டார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை, நானும் அவர்களில் ஒருவன் என்பதால் சொல்லவில்லை.

வகுப்புக்கு நீங்கள் கொண்டுவந்து காட்டுவது உண்மையான ரவையா?

அல்ல. நெடுக்காகப் பாதியாக வெட்டிய ஒன்று, பயிற்சிக்கென்றே செய்தது, மருந்தும் இல்லை, கேப்பும் இல்லை. கழுத்து சன்னத்தை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பிள்ளைகள் நகத்தால் தடவிப் பார்க்கலாம். பித்தளை அந்த இடத்தில் எவ்வளவு மெல்லிசு என்று கண்டவுடன் அவர்களுக்கு வருகிற அமைதி எனக்குப் பிடிக்கும்.

பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். போன தவணை ஒரு பள்ளிக்கூடத்தில் அது காணாமல் போய், பைகள் எல்லாம் கொட்டி, அதிபர் வியர்த்துப்போய் நின்றார். அடுத்த நாள் காலை ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் அம்மம்மாவோடு வந்தான். வீட்டில் அதைக் கண்ட அம்மம்மா, தொடாமல், அதற்கு மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விடிய விடியக் காவல் இருந்துவிட்டு, எங்களைக் கூட்டிப்போக வந்திருந்தார்.